மருமகள் எழுதிய சாப்பாட்டு மணி

என் மருமகள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தானே எழுதுகிறாள் என்று தெரு முழுக்கப் பீற்றியிருந்தேன். பாதி தயாராகவே கிடைக்கிறதாம், இன்றுதான் தெரிந்தது.

"நேரம் பாக்க, மணி அடிக்க எல்லாத்துக்கும் ஜாவாங்கற கம்ப்யூட்டர் மொழியோடயே ரெடிமேட் லைப்ரரி வருது அத்தை. எடுத்து சேத்துக்கலாம்."

"அப்ப நீ இன்னாம்மா செஞ்ச?"

"நீங்க ஷூ தைக்கிறீங்களே, லேஸும் நீங்களேவா நெய்றீங்க?"

எந்த லேஸை எந்த ஓட்டையில் கோர்ப்பது என்று அவளுக்குத் தெரிகிறதே, கெட்டிக்காரி.

நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில், மதியம் ஒரு மணிக்குத் தானே அடிக்கும்படி அவள் எழுதிய சாப்பாட்டு மணியை இன்று மேனேஜர் பார்த்தார். பிடித்தால் அவளுக்கு அங்கேயே வேலை.

"ஹால் கடைசி வரைக்கும் கேக்குமா?" என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் நானே பொத்தானை அழுத்தினேன்.

கேட்டது. காலை பத்து மணிக்குத் தையல் லைன் மொத்தமும் டிபன் பாக்ஸோடு சாப்பிடப் போய்விட்டது.