சகலையிடம் சொல்லாத பாதி

அந்தப் பிளாட்டினக் கிண்ணம் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அதில் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டு, மின் உலையில் செக்கச்செவேல் என்று காய்ச்சி, ஆறிய பிறகு எடை பார்க்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 1995 முதல் நான் பார்த்த வேலை அதுதான். போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். பதிவேட்டில் 'இழப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம். கிண்ணத்தில் நடப்பதுதான் வெளியே சூளையில் டன் டன்னாக நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. யாரும் பேசியதில்லை, அவ்வளவுதான்.

என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, பாடாலூரில் சின்ன வெங்காயம் போடுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் இரண்டு குடும்பத்திலும் வேதியியல் படித்தவன் நான் ஒருவன்தான். காய்ச்சல் மாத்திரை முதல் உர மூட்டை வரை என்னைக் கேட்காமல் அவர் தொடமாட்டார். "சகல, ஒங்க கெமிஸ்ட்ரி என்ன சொல்லுது?" என்பார், பாதி கிண்டலும் பாதி நம்பிக்கையுமாக. எனக்கு அது உள்ளூரப் பெருமையாக இருந்தது.

2001 வாக்கில் ஆலை நூலகத்துக்கு வந்த ஆங்கிலத் தொழில் இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை படித்தேன். பூமி சூடாகிறது, அண்மைக் காலச் சூட்டில் பெரும்பகுதிக்கு மனிதர்கள் வெளியேற்றும் வாயுக்களே காரணம், இதை ஆராய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று இருந்தது. நிலக்கரி, பெட்ரோல் என்று போன வரிசையில் சிமென்ட்டும் இருந்தது. இதழை அலமாரியில் மற்ற இதழ்களுக்கு அடியில் செருகி வைத்தேன். குடியிருந்தது ஆலைக் குவார்ட்டர்ஸ், இரண்டு பெண்களும் படித்தது ஆலைப் பள்ளி. எங்கள் வீட்டுச் சோறு அந்தச் சூளையில்தான் வெந்தது.

அடுத்த இரண்டு வருடம் மழை சரியாக இல்லை. சகலையின் கிணற்றில் தரை தெரிந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகலாமா என்று யோசித்தவர், முடிவெடுக்குமுன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வரப்பில் குந்தியபடியே கேட்டார்.

"ஒலகமே சூடாவுதாம், இனி மழ பழையபடி வராதுன்னு ரேடியோவுல சொல்றான். பேக்டரிக் காத்தும் ஒரு காரணமாமே. நெசமா சகல?"

நான் சிரித்தேன். "எங்க சிம்னியப் பாருங்க. தூசி புடிக்கிற மெஷின் போட்டாச்சு, பளிச்சுன்னு இருக்கு. விஞ்ஞானிங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. மழ வரும் சகல, நான் கேரண்டி."

புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் வெளியே போகவில்லை என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நினைத்தார்கள். தினமும் அந்த வாயுவை எடைபோட்டு எழுதியவன், நானும் அதையே சொன்னேன். சகலை திருப்பூர் போகவில்லை. கிணற்றை ஆழப்படுத்தி மறுபடி வெங்காயம் போட்டார். டீக்கடையில் யாராவது வேறு மாதிரி பேசினால், "எஞ் சகல கெமிஸ்ட்டு, அவரே சொல்லிட்டாரு" என்று வாயை அடைத்தாராம்.

மழை வந்தது. பிடுங்குகிற பக்குவத்தில் நின்ற வெங்காயத்தின் மேல் நாள்கணக்கில் கொட்டி, காட்டோடு அழுக வைத்தது. அந்த ஒரு மழையை மட்டும் காட்டி, இது இதனால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்டது எனக்குத் தெரிந்ததை. நான் சொன்னது என் வேலைக்குத் தோதானதை.

2007 தொடக்கத்தில் தமிழ்ப் பேப்பரிலேயே அந்தச் செய்தி வந்தது. பூமி சூடாவதற்குப் பெரும்பாலும் மனிதர்களே காரணம் என்று உலக விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு பெரம்பலூர் வழியாகப் பாடாலூருக்கு பஸ் ஏறினேன். தெரிந்தேதான் பொய் சொன்னேன் சகல, என்ற ஒரு வாக்கியத்தை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சகலை விதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்துக் காட்டினேன். கல்லைச் சுட்டால் வாயு போவதையும் சொன்னேன்.

"அப்ப சிம்னியில பொகையே தெரியலன்னாலும் போயிட்டுத்தான் இருக்கா?"

"போயிட்டுத்தான் இருக்கு."

அழுகல் ஒன்றை எடுத்துத் தனியே எறிந்தார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. "பேப்பர்ல இன்னிக்கித்தான் வந்துச்சு சகல" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்பறம் என்ன, ஒங்க மேல என்ன தப்பு? தெரிஞ்ச ஒடனே பஸ் புடிச்சு வந்துட்டீங்கல்ல, வுடுங்க." என் தோளைத் தட்டிவிட்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சகலை வெங்காயத்தை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார். எந்தக் கல்யாண வீட்டிலாவது பேச்சு வெயில் பக்கம் திரும்பினால் போதும், என் கையைப் பிடித்து இழுத்து நாலு பேர் முன்னால் நிறுத்துகிறார். "இந்தச் சுத்துவட்டாரத்துலயே மொதல்ல வந்து சொன்னது எஞ் சகலதான். தன் பேக்டரின்னுகூடப் பாக்காம உள்ளத உள்ளபடி சொன்ன மனுசன்." எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். அது உங்களுக்கு எந்த வருசத்திலிருந்து தெரியும் சார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடு நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன்.