பத்து மணி மாத்திரையும் பின்சீட்டுக் கேள்விகளும்

தூக்கம் வராதவனுக்கு நம் ஊரில் முதலில் கிடைப்பது மாத்திரை அல்ல, விசாரணை. "என்னா கவல உங்களுக்கு?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்பமாட்டார்கள். இருக்கிறது என்று சொன்னால், அதைவிடப் பெரிய கவலை ஒன்றைத் தங்கள் வீட்டிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. கடலூர்ப் பக்கம் ராத்திரியில் கண்ணை மூட முடியாமல் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. நானோ சிதம்பரத்தில், கடலுக்கு எட்டாத தூரத்தில், ஒரு கல்லூரி நூலகராக, மூன்று வேளை சோற்றோடும் மாதச் சம்பளத்தோடும் இருந்தவன். எனக்குத் தூக்கம் போக ஒரு நியாயமும் கிடையாது. ஆனாலும் போயிற்று. சொல்லாமல் கொள்ளாமல், வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்வதுபோல் போயிற்று.

பாலில் ஜாதிக்காய் இழைத்துக் குடித்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். போர்வை வீணானது. பிறகுதான் எங்கள் தெருமுனை மெடிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நாலு மாத்திரையை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார். மஞ்சள் நிறம்.

"சளி மாத்திரதான் சார். ஆனா ஆள அடிச்சிப் போட்டுடும்."

அவர் சொன்னது உண்மை. அடித்துப் போட்டது. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு. எங்கள் நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை உண்டு. அதற்கு நேர்கீழே என் நாற்காலி. பலகையின் கட்டளையை அந்தக் கல்லூரியில் முழு மனதோடு நிறைவேற்றியவன் அன்றைக்கு நான் ஒருவன்தான். மாணவர்கள் சத்தம் போடாமல் புத்தகத்தை வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து போனார்களாம். அதுவரை எனக்குக் கிடைத்திராத மரியாதை அது.

நாக்கு அட்டைபோல் காய்ந்திருக்கும். தலைக்குள் யாரோ ஈரப் பஞ்சைத் திணித்துவைத்ததுபோல் இருக்கும். ஒருவர் பேசினால் அந்தச் சொல் பஞ்சுக்குள் ஊறி, இறங்கி, என்னை வந்து சேர்வதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பார். இது வெறும் அசதியாக இருந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். நூலகர் தூங்கி வழிவதால் உலகம் நின்றுவிடப் போவதில்லை. புத்தகங்களும் ஓடிப்போகப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்.

என் மனைவி கீரப்பாளையத்தைத் தாண்டி ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. தினமும் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பிவந்து நான் கல்லூரிக்குப் போகவேண்டும். டவுன் பஸ் உண்டு. ஆனால் அது தனக்குத் தோன்றும்போது வரும். அவளுடைய தலைமையாசிரியை பிரேயர் மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் வந்து நிற்கிறவர். ஆகவே வண்டி. பள்ளிக்குப் போகும் கிளைச் சாலையில் ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். நடுவில் இருக்கிற தாரில் டிராக்டரும் மினி பஸ்ஸும் போக, மிச்சம்தான் எங்களுக்கு.

ஒருநாள் அந்தச் சாலையில் முதுகில் பளார் என்று ஓர் அடி விழுந்தது.

"ஏங்க! வாய்க்கா! வாய்க்கா!"

விழித்துப் பார்த்தால் முன்சக்கரம் புல்லில் இருந்தது. அதற்கு அப்பால் புல்லும் இல்லை. தண்ணீர் பழுப்பாக, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தது நானா வண்டியா என்று இன்றுவரை தெரியாது. அவள் இறங்கினாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். கைப்பைக்குள் சாப்பாட்டு டப்பா சாய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. வாய்க்காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏறுங்க. பிரேயருக்கு நேரமாவுது."

சாவைவிடத் தலைமையாசிரியை கிட்டத்தில் இருந்தார்.

மறுநாளிலிருந்து அவள் வண்டியில் பேச ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் பின்சீட்டில் மௌனமாக வருகிறவள். இப்போதோ கேள்வி மேல் கேள்வி. நேற்று என்ன குழம்பு? உங்கள் லைப்ரரியில் பீரோ எத்தனை? பதினேழாம் வாய்ப்பாடு தெரியுமா, சொல்லுங்கள் பார்ப்போம். ஐம்பதை நெருங்குகிற கணவனிடம் ஒரு மனைவிக்குத் திடீரென்று இவ்வளவு ஆர்வம் வந்ததில் எனக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. பதினேழு ஒன்பதில் தடுமாறினாலும் உற்சாகமாகவே தடுமாறினேன்.

அந்தச் சமயத்தில்தான் பண்ருட்டியிலிருந்து என் மைத்துனன் வந்தான். முந்திரி வியாபாரம். வரும்போதெல்லாம் ஒரு பலாப்பழத்தோடு வருவான். அது பழுக்கும்வரை வீடே அதன் தயவில் இருக்கும். என் கண்ணைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். ரோஸ் நிறம்.

"மாமா, என் மாத்திரய போடுங்க. எனக்கு டாக்டர் குடுத்தது. சூப்பர் மாத்திர. போட்டுட்டுப் படுத்தா மேல லாரி ஏறுனாலும் தெரியாது."

"அதான் மச்சான் எனக்கு பயமே."

"ஜாஸ்தி யோசிக்காதீங்க மாமா. யோசிக்கிறதாலதான் உங்களுக்குத் தூக்கம் வரல. புக்கு படிக்கிறவங்களுக்கெல்லாம் இப்படித்தான்."

"நீ படிக்கலியே, உனக்கு ஏன் வரல?"

"எனக்கு முந்திரி வெல."

நம் குடும்பங்களில் மாத்திரை என்பது ஊறுகாய் மாதிரி. ஒரு வீட்டில் நன்றாக வந்தால் இன்னொரு வீட்டுக்குக் கொஞ்சம் போகும். ரோஸ் மாத்திரையும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மஞ்சளாவது பஞ்சு. ரோஸ் போட்ட மறுநாள் நான் களிமண். கல்லூரி முதல்வர் வந்து நின்றபோது எழுந்து நிற்பதற்குப் பதிலாக, "உறுப்பினர் அட்டை கொண்டாந்தியா?" என்று கேட்டேன். அவரும் பாவம், பையைத் தடவிப் பார்த்தார்.

இங்கே என்னுடைய பெரிய குணம் ஒன்றைச் சொல்லவேண்டும். மஞ்சளோ ரோஸோ, படுத்தவுடன் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை நான். மெடிக்கல் கடைக்காரர், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர், நூலகத்துக் கடைநிலை ஊழியர் என எல்லோரும் ஒரே குரலில் சொன்னது "பழக்கமாயிடும் சார்" என்பதைத்தான். ஆகவே முதலில் சும்மா படுத்துப் பார்ப்பது. மாத்திரை தலைமாட்டில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் தொடாமல் புரண்டு, எழுந்து உட்கார்ந்து, மறுபடி படுத்து, கௌரவமாகப் போராடி, இனி முடியாது என்று ஊர் அடங்கி வெகுநேரம் ஆனபிறகு, பால் வண்டி வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால்தான் விழுங்குவேன். இதை நான் மனவுறுதி என்று நினைத்திருந்தேன்.

பிறகு மாத்திரையே வேண்டாம் என்று விட்டேன். மூன்று ராத்திரி. நாலாம் நாள் காலை கீரப்பாளையம் சாலையில் ஓர் எருமை குறுக்கே நின்றது. சட்டென்று பிரேக் அடித்தேன். பின்னாலிருந்த அவள் என் முதுகில் வந்து மோதினாள்.

"என்னாச்சு?"

"எரும நிக்குது பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். சாலை காலியாக இருந்தது. வெகுதூரம்வரை காலியாக இருந்தது.

"இல்லீங்க" என்றாள், மிக மெதுவாக. வகுப்பில் பயந்துபோன பிள்ளையிடம் பேசுகிற குரல் அது.

அன்றைக்குத்தான் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. மாத்திரை போட்டால் வாய்க்கால், போடாவிட்டால் எருமை. மூன்றாவதாக ஒரு சாலை இல்லை. ராத்திரியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவன் காலையைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தேன். வண்டிச் சாவியை எடுக்கும்போது கை வியர்க்கும். இந்தக் கையை நம்பித்தானே ஒருத்தி ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்று தோன்றும். தோன்றியதும் தூக்கம் போய்விடும். வண்டி ஓட்டும் நேரத்தில் போகாது, அதற்குப் பிறகு வரும் ராத்திரியில் போகும். ஒருநாள் நூலகத்தின் பின்அறையில், பைண்டிங்குக்குப் போகவேண்டிய கிழிந்த புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். தூசி என்று சொல்லிக்கொள்ள அது வசதியான இடம்.

அவள் அரைநாள் லீவு போட்டாள். கடலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனாள். வெள்ளை முடியை வெட்டிவிட்டிருந்த, சிரிக்காத டாக்டரம்மா. மேசைமேல் மஞ்சளையும் ரோஸையும் வைத்தேன். நூலகன் அல்லவா, தேவையைத் தெளிவாகச் சொன்னேன்.

"டாக்டர், ராத்திரி தூங்க வெக்கணும். காலையில முழுசா எழுப்பி விட்டுடணும். அந்த மாதிரி மாத்திர ஒண்ணு வேணும்."

"எழுப்பி விடறதுக்கெல்லாம் மாத்திர இல்ல சார். அதுக்கு அவுங்கதான் இருக்காங்க" என்று என் மனைவியைக் காட்டினார். பிறகு அட்டைகளைப் புரட்டினார். "இது சளிக்கு. உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். இது யாரோடது?"

"மச்சானோடது."

"மச்சான் டாக்டரா?"

"முந்திரி."

அவர் அதை ஓரமாகத் தள்ளிவைத்தார். "அடுத்தவங்க மாத்திரயத் தொடாதீங்க. சரி, எத்தன மணிக்குப் போடுவீங்க?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "பத்து மணிக்கு டாக்டர். நான்தான் செம்புல தண்ணி வெக்கிறேன்."

நான் தொண்டையைச் செருமினேன். "பத்துக்கு இல்ல. மொதல்ல தானா வருதான்னு பாப்பேன். வராதபோது ரெண்டு, ரெண்டரைக்கு."

"எழுந்திரிக்கிறது?"

"அஞ்சரைக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "ஏழெட்டு மணி நேரம் வேல செய்யற மாத்திரய ரெண்டரைக்குப் போட்டுட்டு அஞ்சரைக்கு எழுந்து வண்டி ஓட்டறீங்க. அது பாவம் அப்பத்தான் வேலைக்கே வருது. நீங்க அதையும் பின்னால ஏத்திக்கினு போறீங்க."

"பழக்கமாயிடும்னு சொன்னாங்க. அதான்..."

"ஆவும். அதனாலதான் கொஞ்ச நாளைக்குன்னு குடுப்போம். தள்ளித் தள்ளிப் போட்டா பழக்கம் ஆவாதுன்னு யார் சொன்னது? இதுவும் மச்சானா?"

வேறொரு மாத்திரை எழுதினார். சின்னது, வெள்ளை. சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் போய்விடுமாம். படுக்கப் போகும்போது போடவேண்டும். அந்த நேரம் தப்பினால் அன்றைக்குக் கிடையாது, விழித்தே கிடந்தாலும் கிடையாது. இது ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும்வரை வண்டியைத் தொடக்கூடாது. சில வாரத்தில் குறைத்து நிறுத்திவிடுவார். எப்படி என்பதையும் அவரே சொல்வார். படுக்கிற நேரம், எழுகிற நேரம், சாயங்காலத்துக் காப்பி என்று இன்னும் சில கட்டளைகள். எல்லாவற்றையும் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தே சொன்னார். கடைசியில் அவளிடம் கேட்டார்:

"நீங்க தூங்குறீங்களாம்மா?"

அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவள் பேசவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"என்னா, கேள்வி ஒண்ணும் இல்லியா இன்னிக்கு?"

"இன்னிக்கு நீங்க ஓட்டலியே" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குப் புரிவதற்கு ஒரு ஸ்டாப்பிங் ஆயிற்று. குழம்பு, பீரோ, பதினேழாம் வாய்ப்பாடு எல்லாம் புரிந்தது. என் பூரிப்பை அந்தப் பஸ்ஸிலேயே இறக்கிவிட்டேன்.

"பஸ்ல போயிருக்கலாமே நீ."

"போலாம். நான் பஸ்ல போனா, நீங்க தனியா காலேஜுக்கு வண்டி எடுத்துக்கினு போவீங்க. யார் கேள்வி கேப்பா?"

வெள்ளை மாத்திரை ஒன்றும் அற்புதம் செய்யவில்லை. பத்து மணிக்கு அவளே உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், சாமி பிரசாதம்போல். மீதி அட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதல் வாரம் பாதி ராத்திரிகள் அதற்குப் பிறகும் விழித்துத்தான் கிடந்தேன். இரண்டரைக்கு எழுந்து பீரோ, அரிசி டப்பா, பூஜை அலமாரி என்று தேடியதும் உண்டு. கிடைக்கவில்லை. காலையில் இருவரும் ஆளுக்கொரு பஸ்ஸில் போனோம். அவள் தலைமையாசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மெல்ல மெல்ல ஒரு மணி நேரம், மூன்று, நாலு என்று தூக்கம் வந்தது. வீட்டைக் காலி செய்தவர் ஒவ்வொரு சாமானாகத் திரும்பக் கொண்டுவருவதுபோல் வந்தது. எல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் காலையில் தலைக்குள் பஞ்சு இல்லை. டாக்டரம்மாவே வண்டியை எடுக்கலாம் என்று சொன்னபிறகும், அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் பதினேழாம் வாய்ப்பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஒருநாள் காலை, அதே சாலை. வாய்க்கால் நிறையத் தண்ணீர். நாற்று நட்டு முடித்திருந்தார்கள். எதிரே ஓர் எருமை வந்தது. இது நிஜமான எருமை, ஒதுங்கிப் போனேன். நல்ல பதில்கள் தயாராக வைத்திருந்தேன். முந்தின நாள் வத்தக்குழம்பு. கேள்வி வரவில்லை. பாதி தூரம் வந்தும் வரவில்லை. முதுகில் ஏதோ பாரமாக இருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். அவள் என் தோளில் கன்னத்தைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாதக் கணக்கில் பாக்கியிருந்த தூக்கம் அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, மாத்திரை இல்லாமல் வந்திருக்கிறதே என்று. ஆனால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் வாய்க்கால். வேகத்தைக் குறைத்து, ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், நேத்து என்னா கொழம்பு?"

முழங்கையை லேசாக உலுக்கினேன்.

"பதினேழு ஒம்போது எவ்ளோ?"

"பேசாம ஓட்டுங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.