ஐந்துக்கு ஐந்து

கல்லூரியில் கடைசி ஆண்டு படித்தபோது, மாணவர்களுக்குத் திருப்தியா என்று கேட்கும் கருத்துக்கணிப்பு ஒன்று எங்கள் கைப்பேசிக்கு வந்தது. நாங்கள் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு நல்லது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். பெயர் வெளியே தெரியாது என்று போட்டிருந்தது. நம்பினேன். எங்கள் லேபில் பாதிக் கம்ப்யூட்டர் ஓடாது. புரோகிராமை நோட்டில் எழுதிப் பார்த்தே மூன்று வருடம் ஓட்டினோம். அதை அப்படியே எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

மறுவாரம் துறைத்தலைவர் வகுப்புக்கு வந்தார்.

"நம்ம டிபார்ட்மென்ட்டுக்குத்தான் ஸ்கோர் கம்மி. யாரு போட்டதுனு கேக்கல. எல்லாரும் மறுபடி போடுங்க. ஸ்கிரீன்ஷாட் காட்டினாத்தான் ஹால் டிக்கெட்."

லேபில் வரிசையாக உட்கார வைத்தார்கள்.

"பொய்யா போடச் சொல்றாங்க?" என்றேன் பக்கத்திலிருந்த தோழியிடம்.

"உண்மைய போட்டா நம்ம டிகிரியைத்தான்டி யாரும் மதிக்கமாட்டாங்க. இன்டர்வியூல இந்தக் காலேஜ் பேரத்தானே சொல்லப்போறோம்?"

அதற்குள் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். எங்களுக்கு உருப்படியாகப் பாடம் நடத்திய ஒரே மேடம். ஒப்பந்த வேலையில் இருந்தவர். குனிந்து மெல்லச் சொன்னார்: "ஸ்கோர் கொறஞ்சா முதல்ல என்னைத்தான் நிறுத்துவாங்கம்மா."

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டேன். 'உங்கள் கருத்து' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். படிவம் ஏற்கவில்லை. 'மிக நன்று' என்று எழுதிய பிறகுதான் வெளியே விட்டது.

கோடையில், எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு, கைப்பேசியோடு ஓடி வந்தாள்.

"அக்கா, சுத்துப்பட்டுல உங்க கோர்ஸுக்குத்தான் ஸ்கோர் ஜாஸ்தி. சேரட்டுமா?"

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே மற்றக் கல்லூரிகளின் மதிப்பெண்களையும் விரலால் தள்ளிப் பார்த்தாள். எல்லாமே நாலுக்கு மேல்.

"அப்ப இவங்களும் இப்படித்தான் போட வெச்சிருப்பாங்களா?"

"தெரியலடி."

"அப்புறம் எதைப் பாத்துச் சேர்றது?"

அவள் எங்கள் கல்லூரியிலேயே சேர்ந்தாள். அந்தக் கல்லூரி பஸ்தான் எங்கள் ஊர் கிரிவலப்பாதை வழியாக வருகிறது என்று அவள் அம்மா சொன்னார்.