நான் எழுதாமல் விட்ட ஒரு வரி

கோட்டக்குப்பத்து பாய் எழுதிய கணினி நிரலை மூன்று ஆண்டுகள் என் பெயரில் பதிந்தேன். மறந்துவிட்டேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மரக்காணத்து உப்பளங்களில் திடீர் மழைக்கு முன்னால் உப்பை வாரிக் குவித்து மூடியாக வேண்டும். தவறினால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். மழை வருவதை உப்பளக்காரர்களின் கைபேசிக்கு முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள் ஒன்றை, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற திறந்த மூல முறையில் தொடங்கினேன். பாய் அதில் வந்து சேர்ந்தார். துபாயில் பல ஆண்டுகள் நிரல் எழுதியவர். பக்கவாதத்தில் விழுந்த தந்தையைக் கவனிக்க வேலையை விட்டு வந்திருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் அத்தாவும் மட்டும்தான்.

யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்க அவர் பழகியிருந்தது சப்வெர்ஷன் என்ற பழைய முறை. நானும் வெளியூர் நண்பர்கள் சிலரும் ‘கிட்’ என்ற புதிய முறைக்கு மாறியிருந்தோம். அவரையும் அழைத்தேன்.

"அது உங்க டிபார்ட்மென்ட் சார். எனக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெக்காதீங்க, மொதல் கல்யாணமே ஆவலை" என்று சிரித்தார்.

ஆகவே இரண்டையும் சேர்த்தே ஓட்டினோம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, அந்த வாரத்து வேலையை சப்வெர்ஷனில் இருந்த பழைய களஞ்சியத்தில் அவர் ஏற்றுவார். சனிக்கிழமை காலை நான் அதை கிட்டில் இருந்த புதியதற்கு மாற்றுவேன். மாற்றும் கருவி ஒரு பெயர்ப்பட்டியல் கேட்கும்: அங்கே இந்தச் சுருக்கப்பெயரில் இருப்பவர் இங்கே இன்னார் என்று. பாய்க்காக ஒரே ஒரு வரி எழுதினால் போதும். முதல் வாரம் சோம்பலில் அதை எழுதாமல், அவருடைய மாற்றங்களை மொத்தமாக அள்ளி என் பெயரில் போட்டேன். பிறகு பாராட்டுகள் வரத் தொடங்கின. வானூரில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அதன்பின் அந்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை. புதிய களஞ்சியத்தை பாய் திறந்து பார்த்ததே இல்லை.

சேமிப்பு கரைந்ததும் அவர் புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டார். வீட்டிலிருந்தே செய்யலாம், அத்தாவை விட்டுப் பிரிய வேண்டாம். நேர்காணலில் எங்கள் மென்பொருளைத் தன் வேலையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் புதிய களஞ்சியத்தைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள்.

"அவரு எழுதினதுதானா சார்?"

"கூட மாட ஒத்தாசை பண்ணுவாருங்க" என்றேன்.

மறுநாள் பாய் வந்தார். "என் பேரே அதுல இல்லையாம் சார். பொய் சொல்லி வேலை கேக்க வந்தவன்னு நெனச்சிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன் பாய்" என்றேன்.

சொல்லவில்லை. தந்தையைக் கவனிக்க ஓர் ஆளை அமர்த்திவிட்டு அவர் மறுபடி துபாய் போனார். ஐந்தாவது மாதம் அத்தா மௌத்தானார். உறவினர் ஒருவர் பிடித்திருந்த கைபேசியில்தான் பாய் அடக்கத்தைப் பார்த்தார். அந்தத் திரையில் நானும் தெரிந்திருப்பேன்.

அதன் பிறகே அந்த ஒரு வரியை எழுதினேன். என் கணினியில் பழைய களஞ்சியம் அழியாமல் இருந்தது. முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மறுபடி மாற்றினேன். அப்படிச் செய்தால் மற்றவர்கள் கையிலிருக்கும் படிகள் பொருந்தாமல் போகும், எல்லோரும் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எதற்காக என்று அவர்களுக்கு ஒளிக்காமல் எழுதினேன். இனிமேல் அவர் பெயரைப் போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் குழுவை விட்டே விலகினார். புதுச்சேரி நிறுவனத்துக்கும் எழுதினேன். அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்களாம்.

கடைசியாக பாய்க்கு எழுதினேன். தொலைபேசியில் நான் சொன்னதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அழைத்தார்.

"எல்லாம் பாத்தேன் சார். அத்தாவ ஆஸ்பத்திரில வெச்சிக்கினு எழுதினதுகூட தேதியோட இருக்குது. மழை வராதுன்னு தப்பா சொல்லி உப்பு கரைஞ்சுதே, அதுவும் என் பேருக்கே வந்துடுச்சி. அன்னிக்கித் திட்டு வாங்கினது நீங்க."

"அதை மட்டும் மாத்திடட்டுமா பாய்?"

"வேணாம் சார். அதுவும் நான் எழுதினதுதான்."

மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"யாரப் பாக்க சார்?" என்றார்.