அவனுக்கு ஒரு கூறு

எனக்கு ஆறு வயதில் ஒரு கூட்டாளி இருந்தான். எங்கள் கோழிப்பண்ணைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடியிருந்தான். என்னைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். வீட்டில் யாரும் இதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா கேட்டது வேறு.

“ஏஞ்சாமி, அவன் எந்தக் கூட்டம்?”

புதுச்சத்திரம் பக்கம் எங்கள் சனத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான், பெண் கொடுத்து எடுக்கலாம். ஆள் உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

ஓடிப்போய் விசாரித்தேன். அவனுக்கே தெரியவில்லை. வேறு கூட்டம் என்று சொன்னால் பெரியப்பா என்னை அவனுக்குக் கட்டிவைத்துவிடுவார் என்று பயம். “நம்ம கூட்டந்தானுங்க” என்று சொல்லிவிட்டேன்.

முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். “அப்ப எனக்கு மகன் முறை ஆவுதுங்களாண்ணா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் ஒரே பெண். எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் தொட்டில் கட்டவில்லை.

அன்றிலிருந்து அவன் பாடு கொண்டாட்டம். அம்மா ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள். மொபெட்டில் அப்பா முன்பக்கம் அவனுக்கு இடம் விட்டார், நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். முட்டை லாரி வந்தால், “தம்பிய ஓரமா நிக்கச் சொல்லு” என்று சத்தம் போடுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆடியில் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. ஆண் தலைக்கு ஒரு கூறு என்று கறியை இலையில் வைப்பார்கள். எங்கள் வீட்டுக்கு எப்போதும் ஒன்றுதான். அந்த வருடம் பெரியப்பா, “என் தம்பி ஊட்டுக்கு ரெண்டு கூறு” என்றார். பங்காளிகள் விடுவார்களா? ஆளைக் காட்டு என்றார்கள்.

“சாமியயுந்தான் யாரு பாத்தா? படையல் போடுலீங்களா?” என்று ஒரே போடாகப் போட்டார் பெரியப்பா.

மொட்டை அடித்தாயிற்றா, காது குத்தியாயிற்றா என்று குடைந்தார்கள். எல்லாவற்றுக்கும் கூசாமல் ஆமாம் சொன்னார். கடைசியில் பூசாரி, “வெச்சுத் தொலைங்கப்பா, பசிக்குது” என்றார். இரண்டாவது கூறும் விழுந்தது. இரண்டு இலையையும் ஏந்திக்கொண்டு அப்பா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“எனக்குங்கப்பா?” என்றேன்.

“பொம்பளப் புள்ளைக்குக் கூறு கெடையாது சாமி” என்றார் பெரியப்பா, ரொம்பப் பிரியமாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை, கால், மூக்கோடு அங்கே நிற்கிறவள் நான். அவனை உண்டாக்கினவளும் நான். அவனுக்குக் கறியாம், எனக்குப் பிரியமாம்!

வீட்டுக்கு வந்ததும், தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் அறிவித்தேன். “அவன் போயிட்டானுங்க. இனி வரமாட்டான்.”

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா கூடுதல் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். அவன் பங்குக் கறியையும் சேர்த்து நானே தின்றேன். நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது.

அப்பா மட்டும் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “நான் போயிக் கூப்புட்டா வருவானா சாமி?” என்றார்.