நைட்டியோடு வராதே

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டீர்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று எடிட்டருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. சரியில்லாமல் போனது என் மனைவி விமலாவுக்கு. அன்று நான் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆம்பூரில் அன்றைக்கு என்ன சாப்பாடு என்று சொல்ல வேண்டுமா? பிரியாணி சாப்பிட்டு எழுந்த விமலா நெஞ்சைத் தடவிக்கொண்டாள். தாடையெல்லாம் இழுக்கிறது, ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாள். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்பு சொன்னேன் — “கேஸ் டிரபிள். சோடா குடி.”

எங்கள் ஊரில் ஞாயிறு மதியம் யாருக்கு என்ன வந்தாலும் அது கேஸ்தான். பழி முழுக்க பிரியாணி மேல்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திரும்ப வாங்க வந்த பக்கத்து வீட்டு பர்வீன்தான் பதறினாள். “இன்னாண்ணே, அக்கா மூஞ்சி வெளுத்துக் கெடக்குது, கேஸ்ன்றீங்க!” என்றவள், என்னைக் கேட்காமலே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டாள்.

வண்டி வாசலில் வந்து நின்றது. அப்போது நான் விமலாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

“நைட்டியோட வராத. தெருவே பாக்குது. புடவை கட்டிக்கினு வா.”

கட்டிக்கொண்டு வந்தாள். நெஞ்சுவலியோடு, மடிப்பு வைத்து, பின் குத்தி... அதுவரை ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

வண்டியில் இருந்த பெண் டெக்னீஷியன் பிரஷர் பார்த்தபடியே கேள்விகளை ஆரம்பித்தார். ஆள் எவ்வளவு சீரியஸ், எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையெல்லாம் இந்தப் பதில்களை வைத்துத்தான் அவர்கள் கணிக்க வேண்டும்.

“வலி எங்கம்மா இருக்கு?”

“கேஸ் டிரபிள்ங்க,” என்றேன் நான்.

“எப்பலேர்ந்து?”

“இப்பதான். பிரியாணி கொஞ்சம் ஜாஸ்தி.”

“மூச்சு வாங்குதா?”

“அதெல்லாம் இல்ல. பாருங்க, நடந்துதானே வந்து ஏறுனா? சைரன்லாம் வேணாங்க. பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டா சரியாய்டும்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சார், வலி உங்களுக்கா, அவங்களுக்கா?”



விமலா பேசினாள். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் அவள். ஒரு லைன் முழுக்க அவள் குரலுக்கு அடங்கும். அந்தக் குரல் எங்கே போனது? “நாலஞ்சு நாளாவே படியேறுனா மூச்சு வாங்குது. முதுகுல வலி. இன்னிக்கி தாடையும் சேர்ந்துக்கிச்சி... வேர்த்துக் கொட்டுது.”

“வீட்ல சொல்லலியாம்மா?”

“சொன்னேன். கேஸ்ன்னாரு.”

டெக்னீஷியன் டிரைவர் பக்கம் தட்டினார். “அண்ணே, சைரன் போடுங்க. நேரா வேலூர்.” ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, “ஹார்ட் மாதிரி தெரியுது, ரெடியா இருங்க,” என்றார்.

மாதனூர் தாண்டும்போது விமலாவின் கையைப் பிடித்தேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. செத்துவிடுவாளோ என்று பயந்தேன். அப்படி ஆனால், வீட்டில் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது புடவையைப் பற்றித்தானே...

ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா...” என்று டாக்டர் இழுத்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வியாதியைக் கணிக்க மெஷின் இருக்கிறது. படித்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் ஒரு புருஷன் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னால், அவர்கள்தான் என்ன செய்வார்கள்? நம் வீடுகளில் வலி பெண்ணுக்கு, வாய் ஆணுக்கு.

டிஸ்சார்ஜ் அன்று, இஸ்திரி போட்ட புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். புத்தி வந்தால்தானே! விமலா அதைத் தொடவில்லை. “நைட்டியிலயே வர்றேன். பாக்கறவங்க பாக்கட்டும்.”

எங்கள் தெருவில் வந்து இறங்கினோம். நைட்டியை ஒருவரும் கவனிக்கவில்லை. பர்வீன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப எப்டிக்கா இருக்குது?”

“பரவால்லம்மா, இப்ப நல்லா—” என்று ஆரம்பித்துவிட்டேன்.

விமலா திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.