பத்துக்குப் பத்து

எழிலரசி கத்தரிக்கோலால் வாக்கியங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாடப் புத்தகத்தின் ஒரு பத்தியைப் பெரிதாக எழுதி, நீளமான ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றாகவும் நான்காகவும் துண்டு போடுவாள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் அவற்றைப் பொருள் பார்த்துச் சேர்க்க வேண்டும். நான் கூப்பிட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, கணவரின் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினாள்.

சகாதேவன் லாரி லோடு மேலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்து நாலு வருஷம். முதுகுக்குக் கீழே புண். நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தினமும் சாயங்காலம் போய் கட்டு மாற்றினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் அந்தப் புண் எலும்பைத் தொட்டுவிடும். பகலில் அதைச் செய்தது பக்கத்து வீட்டு ராணியம்மாள். மற்ற நேரமெல்லாம் எழிலரசிதான். இதெல்லாம் தொண்ணூற்றாறில்.

ரயில்வே கேட்டைத் தாண்டி, கீழ்பென்னாத்தூர் பஸ் போகும் சாலையோரம் அவளுடைய பள்ளி. ஐந்தாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பூ கட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எல்லோரும் கடகடவென்று வாசிப்பார்கள். கேள்விக்குப் பதிலும் எழுதுவார்கள். கேள்வியில் இருக்கும் சொல் பாடத்தில் எந்த வரியில் வருகிறதென்று தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுவார்கள். இருபது வருஷமாக அதற்கு மார்க் போட்டவள்தான் அவளும்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், புரிந்துதான் எழுதுகிறார்களா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பத்தியைத் தானே இட்டுக்கட்டிக் கரும்பலகையில் எழுதினாள். 'டொம்புகள் மாலையில் கிசலை மேல் பவுந்தன. அங்கே சிறிய முத்தனியைக் கண்டு லொடுத்தன.' இப்படி ஆறு வரி. ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. கீழே கேள்விகள். டொம்புகள் எப்போது பவுந்தன? எதைக் கண்டு லொடுத்தன? முப்பத்தெட்டுப் பேரும் சரியாக எழுதினார்கள். வகுப்பே பத்துக்குப் பத்து.

"டொம்புன்னா இன்னாடா?" என்று கேட்டிருக்கிறாள்.

வகுப்பு முழித்தது. கடைசியில் ஒருத்தி எழுந்து, "அத நீங்க நடத்தல டீச்சர்" என்றாள்.

இதை என்னிடம் சொன்னபோது எழிலரசி சிரிக்கவில்லை. சகாதேவன்தான் படுத்தபடி சிரித்தார். "டீச்சரம்மா இருபது வருஷமா டொம்புதான் நடத்திக்கினு இருந்திருக்காங்க, சிஸ்டர்."

"நீங்க சும்மா இருங்க. கட்டு அவுந்துடப் போவுது," என்றாள் எழிலரசி.

அதற்குப் பிறகுதான் இந்தக் கத்தரிக்கோல் வேலை. ஒரு பத்திக்கு ஒரு வாரம் எடுத்தாள். 'ஏரி மதகு திறக்கப்படவில்லை; ஆயினும் கீழ்வயல்கள் வாடவில்லை' என்று ஒரு வரி வந்தால், அந்த 'ஆயினும்' எதற்கு என்று அரை நாள் கேட்டாள். 'ஏன் வாடல? புத்தகத்துல இல்ல. யோசிச்சு சொல்லு.' ஏரியில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும், கிணறு ஊறினால் பயிர் பிழைக்கும் என்று நாலாவது நாள் ஒரு பிள்ளை சொன்னதாம். அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் களைப்புதான் இருந்தது. இருபது பாடம் முடிக்க வேண்டிய இடத்தில், பொங்கல் நெருங்கும்போது எட்டு முடிந்திருந்தது.

அப்போதுதான் கல்வி அதிகாரி பார்வைக்கு வந்தார். குறிப்பேடுகளைப் புரட்டியவர் கண்ணில் டொம்பு பட்டது. கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து, அவள் கையெழுத்து, தேதி. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட அவளுக்குத் தோன்றவில்லை. முட்டாள்தனம்தான்.

நாலாம் நாள் மெமோ வந்தது. கட்டு மாற்றி முடித்துக் கை கழுவிவிட்டு நானும் வாசித்தேன்.

'மேற்படி பள்ளியின் ஐந்தாம் வகுப்புக் குறிப்பேடுகளைப் பார்வையிட்டதில், பாடநூலில் இல்லாததும் பொருளற்றதுமான பத்தி ஒன்று நடத்தப்பட்டு மதிப்பெண் வழங்கப்பட்டிருப்பது தெரியவருவதால், அதற்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், தவறும்பட்சத்தில் நிர்வாக நலன் கருதி இடமாறுதல் உள்ளிட்ட நடவடிக்கை மேற்கொள்ளப்படும் எனவும் அறிவிக்கப்படுகிறது.'

என் கண்ணில் 'இடமாறுதல்' மட்டும்தான் பட்டது. ஜவ்வாது மலைப் பக்கம் தூக்கிப் போட்டால் இவள் வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு வர முடியும். ராத்திரியில் அவரைத் திருப்பிப் போட யார் இருக்கிறார்கள்? மலையில் வீடு பார்த்து அவரையும் கொண்டுபோனால், கட்டு மாற்ற ஆள் இல்லை. ஆறு மாதத்தில் புண் புரையோடிவிடும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

"மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுத்துடு," என்றேன். "இனிமே நடக்காதுன்னு ஒரு வரி. கை தேஞ்சா பூடும்?"

"எச்.எம்மும் அதாங்க்கா சொன்னாரு."

எச்.எம். என்பது தலைமையாசிரியர் கண்ணாயிரம். அவர் ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. வம்பு வேண்டாம் என்று நினைக்கிற மனிதர்.

"எழுதினா திரும்பவும் பழையபடி பதிலை போர்டுல எழுதிப் போடணும். அவங்க பாத்து எழுதுவாங்க. இருபது பாடமும் முடிஞ்சிடும்," என்றாள். பிறகு, "எனக்கும் ஜாஸ்தி வேலை இல்ல," என்றாள்.

சகாதேவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "என்னாலதானே," என்றார்.

"ஆமா, உங்களாலதான். இப்ப கைய எடுங்க, ஷீட் மடிக்கணும்," என்றாள் அவள்.

உட்கார்ந்து எழுதினாள். அறியாமல் நேர்ந்த தவறு, மன்னிக்க வேண்டும், இனி பாடநூலை மட்டும் நடத்துவேன். ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள்.

கண்ணாயிரம் வரத் தாமதம். அன்றைக்கு வெட்டி வைத்த துண்டுகள் எதுவும் இல்லை. ராத்திரி கடிதத்தோடு போய்விட்டது. வேறொன்றும் கையில் இல்லாததால், தன் பெயரும் பள்ளியின் பெயரும் வராமல் மெமோவைக் கரும்பலகையில் எழுதினாள். முப்பது சொல்லுக்கு ஒரே ஒரு முற்றுப்புள்ளி. "யார் யாருக்கு எழுதறாங்க? இன்னா கேக்கறாங்க? பிரிச்சு சொல்லுங்க."

பிள்ளைகள் சாக்பீஸால் கோடு போட்டுப் பிரித்தார்கள். 'தவறும்பட்சத்தில்' என்ற இடத்தில் கால் மணி நேரம் சண்டை. தப்பு செய்தால் என்று பாதிப் பேர். சொன்னதைச் செய்யாவிட்டால் என்று மீதிப் பேர். பூக்காரி மகள் வினோதினி எழுந்தாள்.

"காரணம் கேக்கறாங்க டீச்சர். மூணு நாள்ள எழுதிக் குடுக்கணும். குடுக்கலைன்னாதான் மாத்துவாங்க. குடுத்துட்டா இல்ல."

"மன்னிப்பு கேக்கச் சொல்லலியா?"

வினோதினி மறுபடியும் மேலிருந்து விரல் வைத்துப் பார்த்தாள். "அப்பிடி எங்கியும் இல்லியே டீச்சர். நீங்களே பாருங்க."

எழிலரசி பார்த்தாள். இல்லைதான். அவளும், நானும், கண்ணாயிரமும், மூன்று பேரும் இல்லாத ஒன்றை அந்தத் தாளில் வாசித்திருந்தோம்.

பிள்ளைகளைத் தமக்குள் வாசிக்கச் சொல்லிவிட்டு, மேசையில் உட்கார்ந்து வேறொரு தாளில் காரணத்தை எழுதினாள். பத்து வரி. டொம்புப் பத்தியையும் மூன்று கேள்விகளையும் கீழே சேர்த்தாள். பத்தரை மணிக்குக் கண்ணாயிரத்தின் அறைக்குப் போய்க் கொடுத்தாள்.

"மன்னிப்பு எங்கம்மா?"

"அத அவங்க கேக்கல சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கேள்விக்கு வந்ததும் வாய்க்குள்ளேயே, "டொம்புகள் மாலையில் பவுந்தன," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த அதிகாரியும் இதத்தான் சொல்வாரும்மா," என்றார்.

"சொல்லட்டும் சார். பத்துக்குப் பத்து போடறேன்."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளின் ஓரத்தில், 'ஆசிரியை கூறும் காரணம் எனக்கு ஏற்புடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தபால்ல போட்டா எவனும் படிக்கமாட்டான். நானே எடுத்துட்டுப் போய் எதிர்ல ஒக்காந்து படிக்க வெக்கறேன்," என்று சைக்கிளை எடுத்தார்.

அவள் வகுப்புக்குத் திரும்பினாள். கரும்பலகையைத் துடைத்தாள். ஒன்பதாம் பாடத்தின் முதல் பத்தியை எழுதத் தொடங்கினாள்.